அடுத்த பாண்ட் நாவலை யார் எழுதுவார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜேம்ஸ் பாண்ட் நாவல் வரிசைக்குப் புது எழுத்தாளர் வரப்போகிறார் என்று பேச்சு கிளம்பினால் போதும், எனக்குத் தெரிந்தவர்கள் அதே சந்தேகங்களோடு வந்துவிடுவார்கள். படம் மட்டும் பார்த்தவர்கள் பாதி. ராணி காமிக்ஸில் பாண்டைப் பார்த்து வளர்ந்து, பிறகு பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கைத் தேடிப்பிடித்துப் படித்தவர்கள் மீதி. இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. ஃபிளெமிங் செத்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் எப்படிப் புதுசு புதுசா பாண்ட் நாவல் வருது?

ஃபிளெமிங் 1964 ஆகஸ்டில் இறந்தார். ஆனால் பாண்ட் கதைகளின் எழுத்துரிமை அவர் பெயரில் நேரடியாக இல்லை, ஒரு கம்பெனியிடம் இருந்தது. முதல் நாவலான 'கேசினோ ராயல்' 1953 ஏப்ரலில் வெளியாவதற்கு முன்பே, 1952ல், கிளிட்ரோஸ் என்ற சின்ன நிறுவனத்தை அவர் வாங்கி உரிமையை அதற்கு மாற்றிவிட்டார். வரி மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த கிளிட்ரோஸ்தான் இப்போது இயான் ஃபிளெமிங் பப்ளிகேஷன்ஸ். ஃபிளெமிங் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

எழுதியவர் போனாலும் கம்பெனி இருக்கிறது. கம்பெனி அனுமதித்தால் வேறொருவர் எழுதலாம். அவ்வளவுதான் விஷயம்.

2. ஃபிளெமிங் மொத்தம் எத்தனை எழுதினார்? படமா வந்தது எல்லாமே அவர் கதைதானா?

12 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுப்புகள். கடைசி நாவலும் (1965) கடைசித் தொகுப்பும் (1966) அவர் இறந்த பிறகு வந்தவை. ஜமைக்காவில் கோல்டன்ஐ என்று தானே பெயர் வைத்த வீட்டில், ஒவ்வொரு வருடமும் ஜனவரி, பிப்ரவரியில் போய் உட்கார்ந்து எழுதிவிட்டு லண்டன் திரும்புவார்.

படங்களில் பலவற்றுக்குத் தலைப்பும் வில்லன் பெயரும் மட்டுமே அவருடையவை. நாவலில் வரும் பாண்ட் படத்தில் வருபவரைவிடக் களைத்தவர், சலிப்பானவர், அடி வாங்கினால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர். புது எழுத்தாளரின் புத்தகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு "ஆக்‌ஷன் கம்மி" என்று புலம்புபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

3. அவருக்கு அப்புறம் யார் யார் எழுதினாங்க? வரிசையா சொல்லுங்க.

முதலில் வந்தவர் கிங்ஸ்லி ஏமிஸ். ஆங்கில இலக்கியத்தில் பெரிய பெயர், அதோடு வெட்கமில்லாத பாண்ட் ரசிகர். 1968ல் ராபர்ட் மார்க்கம் என்ற புனைபெயரில் 'கர்னல் சன்' எழுதினார். பாண்டின் மேலதிகாரி எம் அவருடைய வீட்டிலிருந்தே கடத்தப்படுகிறார், கதை கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறது. யார் எழுதினாலும் மார்க்கம் என்ற பெயரிலேயே வரிசையைத் தொடரலாம் என்பது திட்டம், ஆனால் ஏமிஸோடு அந்தப் பெயர் நின்றுபோனது. அதற்கு முன்பே ஃபிளெமிங்கின் நண்பரான தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜெஃப்ரி ஜென்கின்ஸ் ஒரு நாவல் எழுதிக் கொடுத்து, கம்பெனி வேண்டாமென்று திருப்பிவிட்டது. அந்தக் கையெழுத்துப் பிரதியில் சில பக்கங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. பாண்ட் ரசிகர்களின் பெருமூச்சுகளில் அதுவும் ஒன்று.

பிறகு 1981 முதல் 1996 வரை ஜான் கார்ட்னர். 14 நாவல்கள், ஃபிளெமிங்கின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அறுபதுகளில் பாண்டைக் கிண்டல் செய்யும் கோழை உளவாளி ஒருவனை வைத்து நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். 1997 முதல் 2002 வரை அமெரிக்கரான ரேமண்ட் பென்சன், 6 நாவல்கள். அதன் பிறகு கம்பெனி போக்கை மாற்றிக்கொண்டது. ஒரே ஆளிடம் வரிசையை ஒப்படைக்காமல், ஏற்கெனவே பிரபலமானவர்களை ஒரு புத்தகத்துக்கு மட்டும் அழைத்தார்கள்: செபாஸ்டியன் ஃபாக்ஸ் (2008), ஜெஃப்ரி டீவர் (2011), வில்லியம் பாய்ட் (2013). அடுத்து வந்த அந்தோனி ஹோரோவிட்ஸ் மட்டும் 2015, 2018, 2022 என்று மூன்று எழுதினார்.

4. ஃபிளெமிங் மனைவிக்கே இது பிடிக்கலையாமே?

உண்மைதான். ஆன் ஃபிளெமிங் பாண்டையே பெரிதாக மதித்தவர் இல்லை. ஆனாலும் கணவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் எழுதுவது அவருக்கு ஆகவே ஆகவில்லை, அதிலும் ஏமிஸ் எழுதுவது. 'கர்னல் சன்' வந்தபோது சண்டே டெலிகிராஃபுக்கு ஒரு விமர்சனம் எழுதினார். மானநஷ்ட வழக்கு வருமோ என்ற பயத்தில் பத்திரிகை அதைப் போடவில்லை என்றால், எவ்வளவு காரம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் "ஃபிளெமிங் இல்லாமல் பாண்டா?" என்று கொதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொதிப்புக்கு வயது அறுபதை நெருங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

5. யாரை எழுதச் சொல்றதுன்னு எப்படி முடிவு பண்றாங்க? யார் வேணா கேட்டுப் பாக்கலாமா?

போட்டி, விண்ணப்பம் எதுவும் கிடையாது. கம்பெனி அழைக்கும். ஆனால் எப்படி அவர்கள் கண்ணில் பட்டார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். பென்சன் 1984ல் பாண்ட் உலகம் பற்றி ஒரு தடிமனான வழிகாட்டி நூல் எழுதினார். அதற்காக ஃபிளெமிங்கின் இலக்கிய முகவராக இருந்த பீட்டர் ஜான்சன்-ஸ்மித்தோடு பழக்கம் ஏற்பட்டது. பத்து வருடங்களுக்கும் மேல் கழித்து, கார்ட்னர் விலகியபோது, அந்த ஜான்சன்-ஸ்மித்தான் கூப்பிட்டார். ரசிகராக இருந்து அதிகாரபூர்வ எழுத்தாளரானவர் அவர்.

டீவர் கதை வேறு. 2004ல் ஃபிளெமிங் பெயரால் கொடுக்கப்படும் ஸ்டீல் டாகர் விருது அவருக்குக் கிடைத்தது. மேடையில் ஃபிளெமிங் தன்னை எவ்வளவு பாதித்தார் என்று பேசினார், கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாய்டோ 2002ல் எழுதிய நாவலிலேயே ஃபிளெமிங்கை ஒரு பாத்திரமாக நடமாட விட்டவர். ஆக, அடுத்தவர் யார் என்று ஊகிக்க ஆசைப்படுபவர்கள் விற்பனைப் பட்டியலைப் பார்ப்பதைவிட, யார் ஏற்கெனவே ஃபிளெமிங்கைப் பற்றி மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று தேடுவது புத்திசாலித்தனம்.

6. ஃபிளெமிங்கைப் படிக்காம நேரா புது ஆளோட புத்தகத்துக்குப் போலாமா?

பெரும்பாலும் போகலாம். ஹோரோவிட்ஸின் புத்தகங்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்படிப்பு இருந்தால் ருசி கூடும். 'ட்ரிக்கர் மார்ட்டிஸ்' ஃபிளெமிங்கின் 'கோல்ட்ஃபிங்கர்' முடிந்த இரண்டு வாரத்தில் தொடங்குகிறது. 'ஃபாரெவர் அண்ட் எ டே' 'கேசினோ ராயலு'க்கு முந்திய கதை. 'வித் எ மைண்ட் டு கில்' ஃபிளெமிங்கின் கடைசி நாவலுக்குப் பிறகு நடப்பது. அதைப் படிக்கும் முன் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்', 'தி மேன் வித் த கோல்டன் கன்' இரண்டையும் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் அத்தியாயத்திலேயே முழிப்பீர்கள்.

7. ஒருத்தர் கதை 1957ல நடக்குதுங்கறார், இன்னொருத்தர் இன்னைக்கு நடக்குதுங்கறார். பாண்டுக்கு வயசே ஆகாதா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். ஃபிளெமிங் 1955ல் எழுதிய 'மூன்ரேக்கரி'ல் ஒரு விதி வருகிறது: இரட்டைப் பூஜ்யப் பிரிவில் (007 போல 00 எண் கொண்ட உளவாளிகளின் பிரிவு) இருப்பவர்கள் 45 வயதில் அங்கிருந்து விலகியாக வேண்டும். அப்போதே பாண்டுக்கு இன்னும் எட்டு வருடம்தான் மிச்சம். இந்தக் கணக்கை என்ன செய்வது என்பதுதான் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

கார்ட்னர் கணக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. பாண்டைத் தூக்கி 1980களில் வைத்தார், சாப் கார் கொடுத்தார், சிகரெட்டையும் தார் குறைந்த வகைக்கு மாற்றினார். டீவர் ஒரேயடியாக அழித்து எழுதினார். 'கார்ட் பிளான்ஷி'ல் வரும் பாண்ட் ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய இளைஞர், கையில் ஸ்மார்ட்போன். ஃபாக்ஸ் 1967க்கும், பாய்ட் 1969க்கும் போனார்கள். பாய்ட் அந்த 45 வயதை மறைக்கவில்லை; 'சோலோ' பாண்டின் 45வது பிறந்தநாளோடுதான் ஆரம்பிக்கிறது. ஹோரோவிட்ஸ் ஃபிளெமிங்கின் நாவல்களுக்கு இடையில் இருந்த இடுக்குகளில் நுழைந்தார்.

என் அனுபவத்தில் பழைய காலத்தில் வைத்தவையே நிற்கின்றன. பனிப்போர், போரிலிருந்து இன்னும் மீளாத பிரிட்டன், கைவிட்டுப் போகும் பேரரசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் பாண்டின் கசப்புக்குக் காரணமே இல்லாமல் போகிறது. 'கார்ட் பிளான்ஷ்' விறுவிறுப்பான நாவல்தான், சந்தேகமில்லை. ஆனால் கதாநாயகனுக்கு வேறு பெயர் வைத்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

8. அப்ப இதுல எது நிஜமா 'நடந்த' கதை? ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையே.

அதிகாரபூர்வமான ஒரே வரிசை என்று எதுவும் இல்லை. ஃபிளெமிங் எழுதியதை எல்லாரும் ஏற்கிறார்கள், சக எழுத்தாளர்கள் எழுதியதை அநேகமாக யாரும் ஏற்பதில்லை. சிறுவன் பாண்டைப் பற்றி சார்லி ஹிக்சன் 2005 முதல் ஐந்து நாவல்கள் எழுதினார். அவற்றுக்கு அடித்தளம் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸி'ல் பாண்டைப் பற்றி வரும் ஒரே ஒரு இரங்கல் குறிப்பு: மலையேற்றத்தில் இறந்த பெற்றோர், வளர்த்த அத்தை, ஈட்டனிலிருந்து வெளியேற்றப்பட்டு ஃபெட்டிஸ் பள்ளிக்குப் போனது. அந்தச் சில வரிகளை மீறாமல் ஐந்து புத்தகம் எழுதுவது சாதாரணமல்ல.

9. ஃபாக்ஸ் புத்தகத்து அட்டைல 'இயான் ஃபிளெமிங்காக எழுதுபவர்'னு போட்டிருந்தாங்களே, அது ஏமாத்து வேலை இல்லையா?

ஏமாற்று இல்லை, ஃபாக்ஸின் பெயரும் அதே அட்டையில் இருக்கிறது. ஆனால் பொறுப்பைக் கூட்டிக்கொண்டார்கள் என்பது சரி. ஃபிளெமிங்கின் நூற்றாண்டு நாளான 2008 மே 28 அன்று 'டெவில் மே கேர்' வந்தது. தேம்ஸ் நதியில் போர்க்கப்பல், பென்ட்லி கார், சிவப்பு உடையில் மாடல் அழகி என்று வெளியீட்டு விழாவே படம் மாதிரி நடந்தது. ஃபிளெமிங்கின் ஜமைக்கா நாளொழுங்கைத் தன் லண்டன் வீட்டில் அப்படியே பின்பற்றியதாகவும், காக்டெயில், மதிய விருந்து, கடலில் நீந்துவது மட்டும் விட்டுப்போனதாகவும் ஃபாக்ஸ் கிண்டலாகச் சொன்னார். விற்பனை அமோகம்.

படித்தால்? வாக்கியங்கள் ஃபிளெமிங் மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் அந்த வேகம் இல்லை. ஃபிளெமிங்கின் உத்தியை ஏமிஸ் தன் ஆய்வு நூலில் சரியாகப் பிடித்தார்: நம்ப முடியாத கதையை, பிராண்டு பெயர், சாப்பாடு, கருவியின் அளவு என்று நிஜ உலகத் தகவல்களைத் திணித்து நம்ப வைப்பது. வாக்கிய நடையை நகலெடுக்கலாம். கடற்படை உளவுத்துறையில் போர்க்காலம் முழுக்க வேலை பார்த்து, பத்திரிகைக்காரனாக ஊர் சுற்றியவனின் தகவல் பசியை நகலெடுக்க முடியாது, சொந்தமாக இருக்க வேண்டும். அந்தப் பசி பாய்டுக்கு இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர் என்பதால் நைஜீரியாவின் பயாஃப்ரா போரின் சாயலில் அவர் படைத்த ஸன்ஸாரிம் என்ற கற்பனை நாடு கண்முன் நிற்கிறது.

10. ஹோரோவிட்ஸ் புத்தகத்துல ஃபிளெமிங்கே எழுதின பகுதி இருக்காமே?

இருக்கிறது. 1950களில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஃபிளெமிங் எழுதி, படமாகாமல் போன கதைக்குறிப்புகள் கம்பெனியிடம் இருந்தன. அவற்றிலிருந்து கார்ப் பந்தயக் கதை ஒன்றை 'ட்ரிக்கர் மார்ட்டிஸி'ல் சேர்த்தார். எது யாருடையது என்று கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள், தையல் தெரியாது.

11. பாண்டே இல்லாம பாண்ட் நாவல்னு விக்கறாங்களே, இது என்ன கூத்து?

கூத்துதான், ஆனால் சில நல்ல கூத்துகள். 2005லிருந்து கேட் வெஸ்ட்புரூக் என்ற பெயரில் சமந்தா வெயின்பெர்க், எம்மின் செயலாளரான மிஸ் மணிபென்னியின் நாட்குறிப்புகளை எழுதினார். கிம் ஷெர்வுட் 2022ல் தொடங்கிய முத்தொகுதியில் பாண்ட் காணாமல் போயிருக்கிறார், மற்ற இரட்டைப் பூஜ்யக்காரர்கள்தான் நாயகர்கள். அதில் 003 ஆக வரும் பெண்ணுக்கு ஜோஹானா ஹார்வுட் என்று பெயர். அது முதல் பாண்ட் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரின் பெயர். விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு புன்னகை.

2025ல் வஸீம் கான் கருவி நிபுணர் க்யூவை நாயகனாக்கி ஒரு துப்பறியும் நாவல் தந்தார். மும்பையைக் களமாக வைத்து அவர் எழுதிய மலபார் ஹவுஸ் வரிசையைப் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி 7ல் சொன்ன வயதுச் சிக்கலிலிருந்து தப்பிக்க இது ஒரு குறுக்குவழி: பாண்டை ஓரமாக வைத்துவிட்டால் அவர் வயதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

12. பாண்டை அமேசான் வாங்கிட்டாங்க. இனி நாவலையும் அவங்கதான் முடிவு பண்ணுவாங்களா?

இல்லை. 2025 பிப்ரவரியில் அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது படங்களின் படைப்புக் கட்டுப்பாடு. நாவல்கள் கேள்வி 1ல் சொன்ன குடும்பக் கம்பெனியிடமே இருக்கின்றன. இரண்டும் தனித்தனிக் குடித்தனம்.

தொடர்ச்சி நாவல்கள் எதுவும் இதுவரை முழுப்படமாக வந்ததில்லை. 2015ல் வந்த 'ஸ்பெக்டர்' படத்தில் வரும் சித்திரவதைக் காட்சி மட்டும் 'கர்னல் சன்' நாவலிலிருந்து எடுத்தது, ஏமிஸ் தரப்புக்கு நன்றியும் போட்டிருக்கிறார்கள்.

13. இந்தியாவுல ஃபிளெமிங்குக்குக் காப்புரிமை முடிஞ்சிருச்சாமே. அப்ப நானே தமிழ்ல ஒரு பாண்ட் நாவல் எழுதலாமா?

இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள். அவர் இறந்தது 1964, ஆகவே அவர் உயிரோடு இருந்தபோது வெளியானவை 2025 ஜனவரி 1 முதல் இங்கே பொதுவுடைமை. இறந்த பின் முதன்முதலாக வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. அதனால் கேள்வி 2ல் சொன்ன கடைசி இரண்டு புத்தகங்களுக்குத் தேதி தள்ளிப்போகும். ஃபிளெமிங்கின் 'தண்டர்பால்' நாவல் பக்கம் போகவே வேண்டாம். அது கெவின் மெக்லோரி, ஜாக் விட்டிங்ஹாம் ஆகியோரோடு அவர் சேர்ந்து எழுதிய திரைக்கதையிலிருந்து வந்தது, அதற்காக நீதிமன்றம் வரை போய் அடித்துக்கொண்டார்கள்.

'கேசினோ ராயலை' நீங்களே தமிழாக்கி இந்தியாவில் வெளியிட ஃபிளெமிங் கம்பெனியின் அனுமதி தேவையில்லை. புதுக்கதை எழுதுவது கொஞ்சம் வழுக்கல். பாண்ட் பெயரும் 007 சின்னமும் வணிகக் குறிகளாகப் பதிவானவை, அட்டையில் பெரிதாகப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரலாம். படங்களில் மட்டும் வருகிற விஷயங்களையும், கார்ட்னர் முதல் ஹோரோவிட்ஸ் வரை மற்றவர்கள் சேர்த்தவற்றையும் தொடக்கூடாது. இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் எல்லாம் 70 ஆண்டுக் கணக்கு. அங்கே 2035 வரை பொறுக்க வேண்டும், மின்னூலாகக்கூட அங்கே விற்க முடியாது.

கனடாவில் 50 ஆண்டுக் கணக்கு இருந்ததால் 2015லேயே உரிமை முடிந்தது. உடனே டொராண்டோவில் அனுமதி பெறாத பாண்ட் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வந்தது, கனடாவுக்கு வெளியே விற்க முடியாமல். தமிழில் யாராவது துணிந்தால் முதலில் வாங்கும் ஆள் நான். ஆனால் நல்ல வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

14. லெ காரே ரசிகர்களும் இதே மாதிரிதான் காத்திருக்காங்களா?

அவர்கள் காத்திருப்பு வேறு ரகம். உளவு நாவல்களுக்குப் பேர்போன ஜான் லெ காரே 2020 டிசம்பரில் இறந்தார். 2024ல் லெ காரேயின் உளவாளி நாயகன் ஸ்மைலியை வைத்து 'கார்லாஸ் சாய்ஸ்' எழுதிய நிக் ஹார்க்கவே அவருடைய மகன், ஏற்கெனவே தேர்ந்த நாவலாசிரியர். கதையை 1963ல், அப்பாவின் இரண்டு நாவல்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் வைத்தார். ஹோரோவிட்ஸ் செய்ததுதான் இதுவும். பாண்ட் விஷயத்தில் அப்படி வாரிசு எழுத்தாளர் யாரும் இல்லை, ஒவ்வொரு முறையும் வெளியாளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

15. புது ஆள் பேர் வந்ததும் புத்தகம் தேறுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? முன்பதிவு பண்ணிரலாமா?

அறிவிப்பில் இரண்டு விஷயம் பாருங்கள். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா? "இன்றைய தலைமுறைக்கான பாண்ட்" என்று மட்டும் இருந்தால் நான் பொறுத்திருப்பேன். அடுத்து, அந்த ஆள் இதற்கு முன் எழுதியதில் ஏதாவது ஒன்றை எடுத்துப் படியுங்கள். ஃபிளெமிங் மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஊரை, ஒரு இயந்திரத்தை, ஒரு வேளைச் சாப்பாட்டை உங்களை நம்ப வைக்கிறாரா என்று பாருங்கள். கேள்வி 9ல் சொன்ன பசி அதில் தெரிந்துவிடும். ஃபிளெமிங்கின் பழைய குறிப்பு எதையாவது சேர்த்திருக்கிறார்கள் என்றால் நல்லதுதான், ஆனால் அதை வைத்து மட்டும் பணத்தைக் கட்டாதீர்கள்.

கெட்டி அட்டைப் பதிப்பு இங்கே வந்து சேரும்போது விலை கையைக் கடிக்கும். சேகரிப்பவர்கள் முதல் பதிப்பை உடனே வாங்கட்டும், பிற்பாடு கிடைப்பது கஷ்டம். படிக்க மட்டும் வேண்டும் என்பவர்கள் பேப்பர்பேக் வரும்வரை ஒரு வருடம் போலப் பொறுக்கலாம். அதற்குள் கேள்வி 6ல் சொன்னவற்றை முடித்துவிடலாம்.